எந்த ராகம் போட்டாலும் ஒரே படம் வருகிறது: வீணைப் பதிவிலிருந்து நிரல் எழுதி ஓவியம் வரைவது எப்படி?

நாணல் | ஜூன் 7, இரவு 10:48

வணக்கம். பகல்ல கணக்கு எழுதுற வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல பி5.ஜேஎஸ் (நிரல் எழுதிப் படம் வரையறதுக்கான ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்). மூணு மாசமா இப்படித்தான் போகுது. அக்கா பதினாலு வருஷமா வீணை வாசிக்கிறாங்க. அவங்க வீட்ல சாதகம் பண்றதை போன்ல பதிவு பண்ணி, அந்த ஒலியை வெச்சு நிரலே ஒரு ஓவியம் வரையணும், அதை ஃபிரேம் போட்டு அவங்க பிறந்தநாளுக்குக் கொடுக்கணும்னு ஆசை.

இதுவரை செஞ்சது: ஒலியை எஃப்எஃப்டி-க்கு (ஒலியை அதிர்வெண் வாரியா பிரிக்கிற கணக்கு) கொடுத்தேன். அதுல கிடைக்கிற பாஸ், லோமிட், மிட், ஹைமிட், ட்ரெபிள்ங்கிற அஞ்சு எண்ணையும் அஞ்சு வளையமா வரைஞ்சேன். சத்தம் கூடினா வளையம் விரியும், குறைஞ்சா சுருங்கும். நிறமும் கூடவே மாறும். திரையில பார்க்க நல்லாவே இருந்துச்சு.

நேத்து அம்மாகிட்ட காட்டினேன். முதல்ல சங்கராபரணம், அப்புறம் கல்யாணி. ரெண்டையும் பொறுமையா பார்த்துட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தானேடா ஆடுது? நான் கரண்டியால தட்டினாலும் இப்படித்தான் ஆடுமா?"ன்னு கேட்டாங்க. ராத்திரி எவர்சில்வர் தட்டைக் கரண்டியால தட்டி, பதிவு பண்ணிப் போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் ஆடுச்சு.

அக்கா வாசிச்சது அந்தப் படத்துல எங்கேயுமே இல்லை. எப்படிக் கொண்டு வர்றது?

அலைவரிசை | ஜூன் 7, இரவு 11:20

அம்மா கேட்டது சரியான கேள்வி. விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன், அக்கா எத்தனை கட்டையில் சுருதி சேர்க்கிறார்?

நாணல் | ஜூன் 7, இரவு 11:24

மூணு கட்டைங்க.

அலைவரிசை | ஜூன் 8, காலை 6:35

மூன்று கட்டை என்றால் வீணையின் முதல் கம்பியான சாரணியின் ஸட்ஜம் சுமார் 164.8 ஹெர்ட்ஸ். மேல் ஸட்ஜம் அதன் இரு மடங்கு, 329.6. இனி உங்கள் ஐந்து வளையங்களைப் பாருங்கள். பி5-இல் லோமிட் என்பது 140 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை. மத்திய ஸ்தாயி முழுவதும், ஸ-வில் தொடங்கி மேல் ஸ வரை, அந்த ஒரு வளையத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அக்கா வீணைத் தண்டிலுள்ள எந்த மெட்டில் (கம்பிக்கு அடியிலுள்ள குறுக்குக் கட்டையில்) விரல் வைத்தாலும் அதே வளையம்தான் விரியும்.

சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் ஸ்வரஸ்தானத்தில் வேறுபாடு மத்யமம் மட்டும்தான். மூன்று கட்டையில் சுத்த மத்யமம் 220 ஹெர்ட்ஸ், பிரதி மத்யமம் 233. இடைவெளி 13 ஹெர்ட்ஸ். ஐந்து வளையத்தை விட்டுவிட்டு எஃப்எஃப்டி தரும் முழு வரிசையையும் எடுத்தாலும் சிக்கல் தீராது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலி அலையை அளந்து எழுதிய எண்கள்) கொண்ட பதிவில் பி5 ஒரு முறைக்கு 2,048 மாதிரிகளை எடுத்துப் பகுக்கிறது. 44,100-ஐ 2,048-ஆல் வகுத்தால் ஒரு கட்டத்தின் அகலம் 21.5 ஹெர்ட்ஸ். இரண்டு மத்யமங்களும் அடுத்தடுத்த கட்டங்களில் ஒன்றன்மேல் ஒன்று கசிந்து கிடக்கும்.

2,048-க்குப் பதில் 16,384 மாதிரிகள் எடுத்தால் அகலம் 2.7 ஹெர்ட்ஸாகக் குறையும், மத்யமங்கள் பிரியும். ஆனால் அத்தனை மாதிரிகள் சேர 0.37 விநாடி ஆகும். அதற்குள் அக்கா கம்பியை இழுத்து விட்டு மறுபடி இழுத்திருப்பார். எல்லாம் கலங்கிப்போகும். சுருதி துல்லியமாக வேண்டுமென்றால் நேரம் மங்கும், நேரம் துல்லியமாக வேண்டுமென்றால் சுருதி மங்கும். எஃப்எஃப்டி-யில் இதற்கு மாற்றே கிடையாது.

ஆகவே "இந்த நொடியில் என்னென்ன அதிர்வெண்கள் இருக்கின்றன?" என்று கேட்காதீர்கள். "இந்த நொடியில் ஒலிக்கும் ஸ்வரத்தின் சுருதி என்ன?" என்று கேளுங்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. ஒலி அலையை ஒரு பிரதி எடுத்து, மூல அலையின் மேல் வைத்து மெல்ல நகர்த்துங்கள். ஏதோ ஓரிடத்தில் இரண்டும் அச்சாகப் பொருந்தும். எத்தனை மாதிரிகள் நகர்த்தினோமோ அதுதான் ஓர் அதிர்வின் நீளம். உங்கள் ஸட்ஜத்துக்கு ஏறக்குறைய 268 மாதிரிகள் வரும். 44,100-ஐ 268-ஆல் வகுத்துப் பாருங்கள், 164.6 கிடைக்கும். இந்த அடிப்படையைச் செம்மைப்படுத்தியதுதான் 2002-இல் வந்த யின் என்ற முறை. அதன் நிகழ்தகவு வடிவமான பியின், பைத்தானின் லைப்ரோசா நூலகத்தில் தயாராக இருக்கிறது. முதலில் பைத்தானில் சுருதியைக் கணித்துக் கோப்பில் சேமியுங்கள். வரைவதை பி5-இல் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது சுவரில் மாட்டும் படம், பாட்டோடு சேர்ந்து நேரலையில் ஓடத் தேவையில்லை.

லைப்ரோசாவில் பலர் தடுக்கி விழும் ஓர் இடம்: நீங்கள் சொல்லாமலே அது பதிவை விநாடிக்கு 22,050 மாதிரிகளாகக் குறைத்துவிடும், 512 மாதிரிக்கு ஒரு சுருதி தரும். அதாவது விநாடிக்கு 43 புள்ளிகள். கம்பி விநாடிக்கு ஐந்து முறை அசைந்தால் ஓர் அசைவுக்கு எட்டுப் புள்ளிதான், கோடு முட்டிமுட்டியாகத் தெரியும். 256 மாதிரிக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சாரணி | ஜூன் 8, காலை 9:10

நான் வீணை சொல்லிக்கொடுப்பவள். நிரல் தெரியாது. என் மாணவி அனுப்பி இந்த இழையைப் படித்தேன். ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சுருதியைக் கண்டுபிடித்த பிறகு, தயவுசெய்து அதை அருகிலுள்ள ஸ்வரத்தில் கொண்டுபோய் ஒட்டிவிடாதீர்கள். ஹார்மோனியக் கட்டைக்கு அது போதும், வீணைக்குப் போதாது. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு புள்ளியில் நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்யமத்தை நோக்கி ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்துக்குத்தான் காந்தாரம் என்று பெயர். "சராசரி பார்த்தேன், சாதாரண காந்தாரம் வந்தது" என்று புள்ளி வைத்தால் அது தோடியே அல்ல. போகும் வழியையும் சேர்த்து வரையுங்கள்.

இன்னொன்று. வீணையில் ஒரு மீட்டில் எழும் நாதம் தேய்ந்துகொண்டே போகும். தேயும்போதும் இடது கை வேலை செய்துகொண்டிருக்கும். ஒரே மீட்டில் மூன்று ஸ்வரத்தைக் கம்பியை இழுத்தே காட்டுவோம். மூன்றாவது ஸ்வரம் காதுக்கு அரைகுறையாகத்தான் எட்டும். கேட்பவர் மனம்தான் அதைப் பூர்த்தி செய்யும். அந்த மெலிவும் படத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

நாணல் | ஜூன் 8, இரவு 11:52

சாரணி அம்மா, கோலத்துல மாவு விடுற மாதிரியே நினைச்சுக்கிட்டேன். சுருதி கையோட போக்கு, சத்தம் மாவோட அளவு. மீட்டும்போது கோடு தடிக்கும், தேயும்போது மெலியும். இப்படித்தான் எழுதப் போறேன்.

அலைவரிசை | ஜூன் 9, காலை 6:20

நல்லது. எங்கே வரைவது என்பதற்கு என் யோசனை. ஹெர்ட்ஸை அப்படியே பயன்படுத்தாதீர்கள். ஸட்ஜத்தைத் தொடக்கமாக வைத்து சென்ட்டாக மாற்றுங்கள்: சுருதியை ஸட்ஜத்தால் வகுத்து, இரண்டடிமான மடக்கை எடுத்து, 1,200-ஆல் பெருக்க வேண்டும். ஒரு ஸ்தாயி 1,200 சென்ட். ஒரு வட்டம் 360 பாகை. ஆகவே ஒரு சென்ட்டுக்கு 0.3 பாகை. ஸட்ஜத்தை வட்டத்தின் உச்சியில் வைத்தால் பன்னிரண்டு ஸ்வரஸ்தானமும் கடிகாரத்தின் பன்னிரண்டு மணிகளில் போய் உட்காரும். கல்யாணிக்கு 12, 2, 4, 6, 7, 9, 11. சங்கராபரணத்தில் 6 மட்டும் 5 ஆகும். அம்மாவுக்கே வித்தியாசம் தெரியும்.

காலத்தை மையத்திலிருந்து வெளிப்பக்கம் வளர விடுங்கள். அசையாமல் நிற்கும் ஸ்வரம் ஆரக்காலாக நீளும். கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, அந்த ஆரத்தின் இருபுறமும் அலையாகச் சுழிக்கும்.

நாணல் | ஜூன் 12, இரவு 12:30

நாலு ராத்திரி வேலை. நடந்ததை வரிசையா சொல்றேன்.

முதல்ல எட்டு நிமிஷப் பதிவு முழுசையும் போட்டேன். ஏ3 தாளுக்கு 300 டிபிஐ-ன்னா (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3,508-க்கு 4,961 பிக்சல். மையத்திலிருந்து ஓரம் வரைக்கும் 1,700 பிக்சல்தான் இருக்கு. 480 விநாடியை அதுல அடைச்சா ஒரு விநாடிக்கு மூணரை பிக்சல். கமகம் எல்லாம் நசுங்கி ஒரு கருப்புத் திட்டு ஆயிடுச்சு. அதனால கல்யாணி வர்ணத்துல (வர்ணம்ங்கிறது ஒரு வகை உருப்படி) பல்லவியை மட்டும் நாப்பது விநாடி வெட்டி எடுத்தேன். விநாடிக்கு நாப்பது பிக்சலுக்கு மேல கிடைச்சதும் கோடு மூச்சு விட்டுச்சு.

ரெண்டாவது, மெலிவு வரவே இல்லை. ஒவ்வொரு மீட்டும் பாதியிலேயே கத்தரிச்ச மாதிரி நின்னுச்சு. போன்ல இருக்கிற இரைச்சல் நீக்கி, தேயுற நாதத்தையும் இரைச்சல்னு நினைச்சுத் துடைச்சிருக்கு. அதை அணைச்சுட்டு, மின்விசிறியையும் நிறுத்திட்டு அக்காவை மறுபடி வாசிக்கச் சொன்னேன். பாவம், வேர்வையோட வாசிச்சாங்க.

மூணாவதுதான் புரியலை. கோடு அழகா போயிட்டே இருக்கும், திடீர்னு மந்திர ஸ்தாயி (கீழ் ஸ்தாயி) ஸட்ஜத்துக்குத் தாவிட்டுத் திரும்பி வரும். அக்கா அந்தப் பக்கம் போகவே இல்லை. பியின் தப்பா கணிக்குதுன்னு வடிகட்டிப் பார்த்தேன், போகலை. நேரத்தைக் குறிச்சுப் பார்த்தா ஏறக்குறைய 1.1 விநாடிக்கு ஒரு தடவை வருது.

சாரணி | ஜூன் 12, காலை 8:05

தம்பி, அது தவறில்லை. அக்கா சுண்டுவிரலால் தாளம் போடுகிறார்! பக்கத்திலுள்ள மூன்று தாளக் கம்பிகளை வடிகட்டிவிட்டால் வீணையில் பாதி போய்விடும்.

அலைவரிசை | ஜூன் 12, காலை 8:40

சாரணி அம்மா சொன்னதும் கணக்கு விளங்கிவிட்டது. தாளக் கம்பிகள் ஸ, ப, மேல் ஸ. விகிதம் 2:3:4. மூன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது மூன்றுக்கும் பொதுவாகப் பொருந்தும் அதிர்வு 1, அதாவது ஸட்ஜத்தில் பாதி: 82.4 ஹெர்ட்ஸ். அங்கே கம்பி ஏதும் ஒலிக்கவில்லை. ஆனாலும் பிரதியை நகர்த்திப் பொருத்தும் முறைக்கு அந்த இடம்தான் தெரியும். நாணல், அந்தத் தாவல்களைக் கோட்டிலிருந்து பிரித்து, உச்சி ஆரத்தில் புள்ளிகளாக வையுங்கள். தாளம் தானே அளவுகோலாக நிற்கும்.

மழைக்கால்மேகம் | ஜூன் 12, மதியம் 1:15

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நிரலே எழுதியதில்லை, கையில் போன் மட்டும்தான். எங்கிருந்து தொடங்கலாம்?

அலைவரிசை | ஜூன் 12, மதியம் 1:50

பி5-க்கு இணையத்திலேயே எழுதி ஓடவிடும் பக்கம் இருக்கிறது, போனிலும் திறக்கும். 2001-இல் எம்ஐடி-யில் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் ஓவியர்களுக்காகவே தொடங்கிய பிராசஸிங்கின் வழித்தோன்றல் அது. முதல் வாரம் இசையைத் தொடாதீர்கள். ஒரு புள்ளியை வட்டத்தில் சுற்ற விடப் பழகுங்கள். பிறகு மைக்கில் வரும் சத்தத்தின் அளவை அந்தப் புள்ளியின் பருமனுக்குக் கொடுங்கள். பயனர் ஒருமுறை திரையைத் தொட்ட பிறகுதான் உலாவி ஒலியைத் திறக்கும். "நிரல் சரி, சத்தம் வரவில்லை" என்று எழுதுகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

வெள்ளைத்தாள் | ஜூன் 13, இரவு 9:30

நான் அச்சு ஓவியம் செய்பவன். நாணல் ஏற்றிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் இது இன்னும் வரைபடம்தான். ஆய்வுக் கட்டுரையில் போடலாம். சுவரில் மாட்டினால் கண் அங்கே தங்காது.

ஜான் விட்னியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் விமானங்களைக் குறிபார்க்கப் பயன்பட்ட பீரங்கிக் கருவியை வாங்கி, அதன் உறுப்புகளால் வரையும் இயந்திரம் கட்டியவர் அவர். பிறகு கணினிக்கு வந்தார். ஒலியைப் பிடித்துப் படமாக்குவதில் அவருக்கு அக்கறை இல்லை. இசை எதனால் இனிக்கிறதோ அந்த விகிதத்தையே எடுத்துக் கண்ணுக்குக் கொடுத்தார். நூறு புள்ளிகளை ஒரே கோட்டில் நிறுத்துங்கள். முதல் புள்ளி ஒரு சுற்று சுற்றும் நேரத்தில் இரண்டாவது இரண்டு சுற்று, மூன்றாவது மூன்று, நூறாவது நூறு. தொடங்கிய உடனே எல்லாம் சிதறும். பாதி நேரம் ஆனதும் ஒன்றும் சொல்லாமலே எல்லாப் புள்ளிகளும் இரண்டு கைகளாகச் சேர்ந்து நிற்கும். மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் மூன்று கைகள். அடுத்த கணம் மறுபடி சிதறும். முதன்முறை நான் இதை எழுதி ஓடவிட்டபோது ஸட்ஜ பஞ்சமம் சேரும் நிம்மதியைக் கண்ணால் பார்த்தேன். ஒரு ஒலிக்கோப்பு கூட அதில் இல்லை.

ஆகவே என் கேள்வி: பதிவுக்கு இவ்வளவு விசுவாசம் எதற்கு?

நாணல் | ஜூன் 13, இரவு 11:05

அண்ணா, விட்னி புள்ளிகளை உடனே எழுதிப் பார்த்தேன். பாதி நேரத்துல ரெண்டு கையா சேர்ற இடத்துல சிலிர்த்துடுச்சு. அதை நான் விட மாட்டேன், தனியா செய்வேன். ஆனா இந்தப் படம் கல்யாணிக்கு இல்லை, எங்க அக்காவோட கல்யாணிக்கு. அதனால விசுவாசம் வேணும். வரைபடம் மாதிரி இருக்குங்கிறது எனக்கும் தெரியுது. என்ன மாத்தலாம்? ஸ்வரத்துக்கு ஒரு நிறம்னு வெச்சா சரியா வருமா?

வெள்ளைத்தாள் | ஜூன் 14, காலை 7:45

நியாயமான பதில். அப்படியானால் அந்த எல்லைக்குள் நின்றே சொல்கிறேன்.

ஸ்வரத்துக்கு ஒரு நிறம் வேண்டாம். நியூட்டன் 1704-இல் வெளியிட்ட நூலில் வானவில்லின் ஏழு நிறங்களை ஏழு ஸ்வர இடைவெளிகளோடு பொருத்திப் பார்த்தார். 1725-இல் காஸ்டெல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கண்ணுக்கான இசைக்கருவி ஒன்றை முன்மொழிந்தார். அடுத்த நூற்றாண்டுகளில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின் ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்ளேயே ஒளிக்கென்று ஒரு வரிசை எழுதினார். ஒருவர் பட்டியல் இன்னொருவருடையதோடு ஒத்துப்போகவில்லை. அது அவரவர் கண். உங்கள் படத்தில் ஸ்வரத்துக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது, மறுபடி நிறமும் கொடுத்தால் ஒன்றையே இரண்டு தடவை சொன்னதாகிவிடும். இடம் கிடைக்காமல் நிற்பது ஸ்தாயி. கீழ் ஸ்தாயியான மந்திரமும் மேல் ஸ்தாயியான தாரமும் ஒரே ஆரத்தில் விழுகின்றன அல்லவா? நிறத்தை அதற்குக் கொடுங்கள். மந்திரத்துக்கு அரக்கு, மத்தியத்துக்கு மஞ்சள் கலந்த பழுப்பு, தாரத்துக்கு வெளிர். மூன்று போதும்.

மையத்தில் எல்லாக் கோடும் முட்டிக் கருப்பாகிறது. காலத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் முந்நூறு பிக்சல் தள்ளித் தொடங்குங்கள். நடுவில் வெற்று வட்டம் இருக்கட்டும். அக்கா வீணையை எடுத்து மடியில் வைத்ததிலிருந்து முதல் மீட்டு வரைக்குமான அமைதி அது.

தொப்பித்தோல் | ஜூன் 14, மாலை 6:20

மிருதங்கம் கத்துக்கிட்டு, இயற்பியல் படிக்கிறவன் நான். சுருதிக்கோடு இல்லாத வாத்தியத்துக்கு என்ன வரையுறதுன்னு ரொம்ப நாளா யோசிச்சதால இங்க எழுதறேன்.

ஜெர்மன் இயற்பியலாளர் க்ளாட்னி 1787-ல எழுதின புத்தகத்துல உலோகத் தகட்டு மேல மணலைத் தூவி வில்லால இழுத்துக் காட்டின உருவங்கள் இருக்கு. அதிராத இடத்துல மணல் போய்ச் சேரும், கோடு கோடா வடிவம் எழும். எல்லாரும் இதைத்தான் நிரல்ல வரைஞ்சு போடுறாங்க. ஆனா நம்ம ஊர்ல அதைவிட நெருக்கமான ஒண்ணு இருக்கு. திருச்சியில பிறந்த சி.வி. ராமன் மிருதங்கத் தோலை ஆராய்ச்சி பண்ணினாரு. 1920-லயும் 1934-லயும் கட்டுரை எழுதியிருக்காரு.

சாதாரணத் தோலைத் தட்டினா அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30னு ஒண்ணுக்கொண்ணு சேராம வரும். அதனாலதான் வெறும் பறைத்தோல்ல ஸ்வரம் கேக்காது. வலந்தலையில (மிருதங்கத்தோட வலப்பக்கத் தோல்ல) கரணைங்கிற கருப்புப் பசையை வெச்சதும் அந்த விகிதம் 1, 2, 3, 4, 5-க்குப் பக்கத்துல வந்துடும். ஒன்பது அதிர்வு வகைகள் சேர்ந்து அஞ்சு ஸ்வரமா குவியுதுன்னு ராமன் காட்டினாரு. கரணையை யாரு முதன்முதலா இப்படித் தடிமன் பார்த்து அடுக்கடுக்கா தேய்ச்சுப் போட்டாங்களோ, அவங்க காதை நினைச்சா எனக்குக் கும்பிடத் தோணுது.

என் நிரல்ல ஒவ்வொரு அடிக்கும் அதுல எந்த அதிர்வு தூக்கலா இருக்குன்னு பார்த்து, அந்த அதிர்வோட அசையாக் கோடுகளை ஒரு வட்டத்துல வரையுறேன். தீம் அடிச்சா வட்டத்துக்குள்ள ஒரே குறுக்குக்கோடு. அடுத்த அடிக்கு வட்டம் பக்கத்துல நகரும். எட்டு அட்சரம் முடிஞ்சா அடுத்த வரி. ஒரு தனியாவர்த்தனம் முழுசும் ஒரு பக்கம் எழுத்து மாதிரி வந்து நிக்குது.

ஊடுபாவு | ஜூன் 14, இரவு 8:00

எட்டு அட்சரம் என்றதும் சிக்குக்கோலம் ஞாபகம் வந்தது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் சேர்ந்தவர்களும் 1970களிலேயே கோலத்தை இலக்கணமாக எழுதிக் கணினி மொழி ஆய்வுக்குள் கொண்டுவந்தார்கள். 1974-இல் வந்த அவர்கள் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சிக்குக்கோலத்தில் கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்பி முடிய வேண்டும். தாளமும் அப்படித்தான். ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) ஒரு கோலம், சமத்தில் (சுற்றின் தொடக்கத்தில்) கோடு மூட வேண்டும் என்று விதி வைத்தால்?

சாரணி | ஜூன் 14, இரவு 9:15

அழகான எண்ணம். எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை, மறந்துவிடாதீர்கள். எத்தனையோ கீர்த்தனைகள் சமத்தில் தொடங்குவதில்லை, முக்கால் இடமோ அரை இடமோ தள்ளித்தான் எடுப்போம். பாட்டின் கோடு தன் எடுப்பில் மூட வேண்டுமா, தாளத்தின் சமத்தில் மூட வேண்டுமா? இரண்டையும் தனித்தனிக் கோடாக விட்டால் ஒன்றை ஒன்று சிக்கிக்கொண்டு போகும். அதுவே சிக்குக்கோலம்தானே.

நாணல் | ஜூன் 20, இரவு 11:40

வெள்ளைத்தாள் அண்ணா சொன்ன மாற்றமெல்லாம் செஞ்சு புதுப் படம் ஏத்தியிருக்கேன். கையால வரைஞ்ச மாதிரி இருக்கட்டும்னு கோட்டுல கொஞ்சம் பெர்லின் நாய்ஸும் சேர்த்தேன். கென் பெர்லின் 1980கள்ல உருவாக்கினது, எண்கள் தாறுமாறா குதிக்காம மெதுவா அலையும். பார்க்க மென்மையா இருக்கு.

சாரணி | ஜூன் 21, காலை 7:30

பார்த்தேன். நிறமும் நடுவிலுள்ள வெற்றிடமும் மிக நன்றாக அமைந்திருக்கின்றன. ஆனால் ஸட்ஜம் ஏன் நடுங்குகிறது? பஞ்சமமும் நடுங்குகிறது. அவை இரண்டும் அசையா ஸ்வரங்கள். கமகமே கிடையாது. பதினாலு வருஷம் வாசித்த கை அங்கே நடுங்காது.

வெள்ளைத்தாள் | ஜூன் 21, காலை 8:10

சாரணி அம்மா சொன்னதை நான் கவனிக்கவே இல்லை. என் கண்ணுக்கு அது வெறும் அழகாகப் பட்டது. இந்தக் கோட்டின் ஒவ்வொரு நெளிவுக்கும் பொருள் இருக்கிறது. அதில் நாமாக ஒரு நெளிவைச் சேர்த்தால் அபஸ்வரம்தான். தற்செயல் தேவைதான், விதியோடு தற்செயலும் சேரும்போதுதான் இவ்வகை ஓவியம் உயிர் பெறுகிறது. ஆனால் அதைப் பொருள் இல்லாத இடத்தில் வையுங்கள்: தாளின் பின்னணிச் சாயத்தில், மையின் அடர்த்தியில். விதை எண்ணையும் (தற்செயல் எண்கள் பிறக்கும் தொடக்க எண்) நிலையாக வைத்துவிடுங்கள். நாளை மறுபடி ஓட்டினாலும் அதே பதிவு அதே படத்தைத் தர வேண்டும்.

நாணல் | ஜூலை 3, இரவு 10:15

நாய்ஸைக் கோட்டிலிருந்து எடுத்துட்டேன். பின்னணியில பழைய புடவை வெளுத்த மாதிரி ஒரு சாயத்துக்கு மட்டும் வெச்சிருக்கேன். வர்ணத்தை முதல் காலம், ரெண்டாம் காலம் (அதையே இரு மடங்கு வேகத்துல வாசிக்கிறது) ரெண்டுமே ஒரே தாள்ல: உள்வட்டம் முதல் காலம், வெளிவட்டம் ரெண்டாம் காலம். நேத்து பிறந்தநாள். சோதனை அச்சு ஒண்ணு எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம் ஆறு மணி இடத்துல விரல் வெச்சாங்க. "உள்ளே நேரா இறங்குது, வெளியே போகப் போக அஞ்சு மணிப் பக்கம் சாயுதே. உன் கணக்கா, என் வாசிப்பா?"ன்னு கேட்டாங்க. எனக்குப் படக்குனு ஆயிடுச்சு. எண்களை எடுத்துப் பார்த்தேன். மத்திய ஸ்தாயி பிரதி மத்யமம் முதல் காலத்துல 589 சென்ட், ரெண்டாம் காலத்துல 578. பதினோரு சென்ட், மூணு பாகைக்கு மேல. தார ஸ்தாயி மத்யமம் ரெண்டு காலத்துலயும் சரியா இருக்கு. பஞ்சமமும் சரி.

அக்கா வீணையை எடுத்து ஆறாவது மெட்டுல விரல் வெச்சு, கம்பியை இழுக்காம மீட்டினாங்க. குறைச்சலாத்தான் கேட்டுச்சு. மெட்டைப் பிடிச்சிருக்கிற மெழுகு இளகி, மெட்டு யாளி முகம் இருக்கிற பக்கம் ஒரு நூல் நகர்ந்திருக்கு. சித்திரை வெயில்ல வீணை ஜன்னலோரம் இருந்துச்சு.

சாரணி | ஜூலை 4, காலை 6:50

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதல் காலத்தில் அவள் காது குறையைக் கேட்டு, கைக்குச் சொல்லி, கை கம்பியை ஒரு மயிரிழை இழுத்துச் சரி செய்திருக்கிறது. அவளுக்கே தெரியாது. இரண்டாம் காலத்தில் அதற்கு நேரமில்லை. மெட்டு எதைக் கொடுத்ததோ அது அப்படியே வந்திருக்கிறது. என் மாணவிகளுக்கும் இதைக் காட்ட வேண்டும். அனுமதி கொடுப்பீர்களா?

நாணல் | ஜூலை 4, இரவு 9:30

தாராளமா காட்டுங்கம்மா. மேளம் கட்டுறவர் (வீணைக்கு மெட்டு அமைக்கிறவர்) ஞாயித்துக்கிழமை வர்றார். மெட்டைச் சரி பண்ணினதும் மறுபடி பதிவு பண்ணிப் புதுசா வரைஞ்சு தரேன்னு சொன்னேன். அக்கா வேண்டாம்னுட்டாங்க. சாய்ஞ்ச இந்தப் படத்தையே ஃபிரேம் போடச் சொல்றாங்க. வெள்ளைத்தாள் அண்ணா, எந்தத் தாள்ல எடுக்கலாம்?

வெள்ளைத்தாள் | ஜூலை 4, இரவு 10:05

பளபளப்புத் தாள் வேண்டாம், மெலிந்த கோடெல்லாம் வெளிச்சத்தில் மறைந்துவிடும். பருத்திக்கூழில் செய்த மங்கலான தாள், 300 ஜிஎஸ்எம். கோட்டைப் பிக்சலாக அனுப்பாமல் எஸ்விஜி-யாக (கோட்டைக் கோடாகவே சேமிக்கும் கோப்பு) எடுத்து அனுப்புங்கள், தேய்ந்து போகும் நுனிகள் அப்போதுதான் உடையாமல் விழும். கண்ணாடியிலிருந்து தாளுக்கு அரை அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். ஜன்னலோரத்தில் மாட்டாதீர்கள்.